எல்லைச் சீமையில் யுத்தச் செய்தி

இரண்டு பெரிய சாலைகள் கூடும் ஊருக்கு ஒரு துர்ப்பாக்கியம் உண்டு. எல்லோரும் அவ்வூரின் வழியாகப் போவார்கள். அவ்வூருக்கென்று யாரும் வரமாட்டார்கள். சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் சாலையும், காஷ்மீரத்தில் ஸ்ரீநகரில் புறப்பட்டுக் கன்னியாகுமரியில் வந்து முடியும் நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியில் சந்திக்கின்றன. லாரிகள் இரவு பகல் ஓய்வின்றி ஓடுகின்றன. மாம்பழக் காலத்தில் மட்டும் சிலர் வண்டியை நிறுத்திக் கூடை என்ன விலை என்று கேட்கிறார்கள். பேரம் படிந்ததும் ஏறிப் போய்விடுகிறார்கள்.

2025-ஆம் வருஷம் மே மாதம் 7-ஆம் தேதி நாம் கிருஷ்ணகிரியில் போய் இறங்கினோம். கோடை விடுமுறை, அவசர வேலை ஒன்றுமில்லை. ஆனால் அந்த நெடுஞ்சாலையின் வடக்கு முனை அன்று எல்லோர் மனத்திலும் இருந்தது. ஏப்ரல் 22-ஆம் தேதி பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். மே 7-ஆம் தேதி விடியுமுன் நமது படைகள் எல்லைக்கு அப்பால் தாக்குதல் தொடுத்திருந்தன. பஸ்ஸில் ஏறினவர், இறங்கினவர், நின்றவர், உட்கார்ந்தவர் எல்லோரும் உள்ளங்கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யுத்தம் இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் நடந்தாலும் யுத்தச் செய்தி சட்டைப் பையிலேயே இருந்தது.

யுத்தம் என்றால் குண்டும் துப்பாக்கியும் மட்டும் அல்ல; சொல்லும் அதில் ஓர் ஆயுதந்தான். அந்த ஆயுதம் எறியப்படுவது பெரும்பாலும் எதிரியின் மீது அல்ல, சொந்த ஜனங்களின் மீது. அதை ஜனங்கள் எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதற்குக் கிருஷ்ணகிரி, ஓசூர்ச் சீமையைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது.

மறுநாள் கிருஷ்ணகிரியில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1993-இல் ஏற்பட்ட சிறிய ஸ்தாபனம். பட்டணத்துக் காட்சிச் சாலைகளின் ஆடம்பரம் ஒன்றும் அங்கே இல்லை. ஆனால் நடுகற்கள் இருக்கின்றன. பழைய தகடூர் நாடாகிய தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் நடுகற்கள் கிடைத்திருப்பதுபோல் தமிழகத்தில் வேறு எங்கும் அவ்வளவு ஏராளமாகக் கிடைக்கவில்லை. ஏரிக்கரையிலும், புன்செய் நடுவிலும், புளிய மரத்தடியிலும் நின்றவை அவை. ஒரு கையில் வில், மற்றொன்றில் குறுவாள். சில கற்களில் உடம்பில் தைத்த அம்புகூடச் செதுக்கப்பட்டிருக்கிறது. பழைய கற்களில் வட்டெழுத்து. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய சேவகன் இன்னான், தொறுவை மீட்டுப் பட்டான் என்று ஒன்றிரண்டு வரிகளில் விஷயம் முடிந்துவிடுகிறது. தொறு என்றால் ஆநிரை. பட்டான் என்றால் மாண்டான். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் அதை நட்டு வாழ்த்துவது வரையில் ஆறு சடங்குகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. பக்கத்துச் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல்லில் வீரனோடு அவனுடைய நாயும் நிற்கிறது. கள்ளர் இருவரைக் கடித்து மடக்கிய அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர். பெயரும் கல்லில் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நாய்!

நடுகல்லும் பிரசாரந்தானே என்று வாசகர்கள் கேட்கலாம். சந்தேகம் இல்லை. மாடு பிடிக்க வந்தவனை எதிர்த்து மாண்டால் கல்லாகி நிற்கலாம், பொங்கலும் படையலும் உண்டு என்று இளைஞருக்கு ஆசை காட்டுகிற காரியந்தான் அது. ஆனால் அந்தக் கல் நட்ட இடத்தைக் கவனிக்க வேண்டும். மாண்டவனுடைய தாயும் மனைவியும் தினம் தண்ணீருக்குப் போகும் வழியில் நட்டார்கள். மீண்ட மாடுகள் எதிரே மேய்ந்துகொண்டிருந்தன. அங்கே பொய் எழுதினால் மறுநாள் காலையில் ஊரே சிரிக்கும். சரிபார்க்கக் கூடியவர்களின் கண் முன்னால் வைத்த செய்தி அது. பிற்காலத்து யுத்தச் செய்திகளுக்கு இந்தச் சங்கடம் இருந்ததில்லை.

அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்தால் கிருஷ்ணகிரி மலைக்கோட்டை எதிரே நிற்கிறது. 1791-ஆம் வருஷம் நவம்பரில் மாக்ஸ்வெல் என்ற கம்பெனித் தளகர்த்தன் இதன்மேல் ஏறப் பார்த்து முடியாமல் திரும்பினான். அதே வருஷத்தில் ஓசூரும் ராயக்கோட்டையும் கம்பெனியின் வசமாயின. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி பாராமகால் முழுவதையும் திப்பு சுல்தான் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அந்த 1792-ஆம் வருஷத்திலேயே லண்டன் பட்டணத்தில் ஆஸ்ட்லி என்பவரின் குதிரைக் கொட்டகையில் பெங்களூர் முற்றுகையை நாடகமாக ஆடிக் காசு பார்த்தார்கள். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரு சித்திரக்காரர்கள் இந்த வழியாக வந்து ராயக்கோட்டை முதலான மலைகளை எழுதிக்கொண்டுபோய் அச்சிட்டார்கள். சித்திரங்கள் அழகானவை; அதில் குறை சொல்ல முடியாது. லண்டன் வாசிகளுக்குப் பாராமகால் என்பது ஓர் அழகிய மலைக்காட்சி ஆயிற்று. ராயக்கோட்டைக் குடியானவன் அந்தப் படத்தைப் பார்த்து, 'யுத்தத்தில் எரிந்த எங்கள் கம்பங்கொல்லை எங்கே?' என்று கேட்க வழியில்லை. ஆறாயிரம் மைல் தூரம் இடையில் இருந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறக்குறைய முப்பது மைல். சாலை மெல்ல மெல்ல உயர்கிறது. காற்றில் சூடு குறைகிறது. பஸ்ஸில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து கேட்கின்றன; ஒருவரே மூன்றிலும் வைகிறார். ஓசூரை இன்று தொழிற்பேட்டைகளின் ஊர் என்றே உலகம் அறியும். லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம், போனுக்கு வேண்டிய உறுப்புகள் என்று செய்யாதது இல்லை. ஆனால் இந்த ஊருக்கு வந்த பழைய பெருந்தொழில்களில் ஒன்று குதிரை வளர்ப்பு. 1824-இல் கம்பெனிப் பட்டாளத்துக்குக் குதிரை வேண்டும் என்று ஏற்பட்ட பண்ணைதான், பிற்பாடு கால்நடைப் பண்ணையாக மாறி இன்றும் இருக்கிறது. யுத்தம் இந்தச் சீமைக்கு ஒருபோதும் முழு அன்னியமாக இருந்ததில்லை. இருபத்தைந்து மைலில் பெங்களூர்த் தண்டு. சாப்பர்ஸ் பட்டாளம் அங்கே. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் ஆரம்பித்த விமானத் தொழிற்சாலையும் அங்கே.

மே 9-ஆம் தேதி காலையில் ஓசூருக்குச் சில மைல் இப்பால் உள்ள தொரப்பள்ளிக்குப் போனோம். 1878 டிசம்பர் 10-ஆம் தேதி ராஜாஜி பிறந்த ஊர். தகப்பனார் அவ்வூர் மணியம். பிறந்த வீட்டை அரசாங்கத்தார் நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். ஒரு சாதாரண கிராமத்துத் தெருவில் ஒரு சாதாரண வீடு. இங்கிருந்தா அவ்வளவு பெரிய புத்தி புறப்பட்டது என்று தோன்றுகிறது. அந்த வீட்டுத் திண்ணையருகில் நிற்கையில், யுத்தச் சொல்லைப் பற்றி நாம் தேடிக்கொண்டிருந்த கதை இங்கேயே இருக்கிறது என்பது புலனாயிற்று.

1939 செப்டம்பர் 3-ஆம் தேதி, இந்தியாவும் யுத்தத்தில் சேர்ந்துவிட்டது என்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபு அறிவித்தார். இந்தியரில் ஒருவரைக்கூடக் கலந்துகொள்ளவில்லை. அக்டோபர் இறுதியில் ராஜாஜியின் மந்திரி சபை சென்னையில் ராஜீநாமாச் செய்தது. அடுத்த வருஷம் அக்டோபர் 17-ஆம் தேதி வினோபா பாவேயைக் கொண்டு காந்தி மகான் தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் துவக்கினார். ஆளாலோ பணத்தாலோ இந்த யுத்தத்துக்கு உதவுவது தவறு என்று ஒருவர் சொல்ல வேண்டியது. உடனே சிறை செல்ல வேண்டியது. இவ்வளவுதான் போராட்டம். 1940 டிசம்பரில் ராஜாஜி கைதாகி ஒரு வருஷத் தண்டனை பெற்றார். ஓராண்டுக்குமுன் இந்த மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தவர், ஒரு வாக்கியத்துக்காகச் சிறைக்குப் போனார். எழுத்தாளர் கல்கி அவர்களும் 1941-இல் அதே காரியத்துக்காக மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்துதான், அவ்வருஷம் ஆகஸ்டு முதல் தேதி தம் பெயரிலேயே பத்திரிகை ஆரம்பித்தார்.

ஒரு பக்கத்தில் இந்த ஒரு வாக்கியம். மறு பக்கத்தில் சர்க்காரின் யந்திரம் முழுவதும்: யுத்த நிதிக் கமிட்டிகள், சுவரொட்டிகள், ரேடியோ, கலெக்டர் வந்து பேசும் கூட்டங்கள், வெற்றியைக் குறிக்கும் ஆங்கில 'வி' எழுத்து. ஜனங்கள் எந்தப் பக்கம் செவி சாய்த்தார்கள்? இரண்டு பக்கத்தையும் கேட்டுக்கொண்டார்கள் என்பதே உண்மை. பட்டாளத்தில் சேர்ந்தவர்களும் ஏராளம். யுத்த முடிவில் இந்திய சேனையில் 25 லட்சம் பேர் இருந்தார்கள், அத்தனை பேரும் தாமாகச் சேர்ந்தவர்கள். 'தாமாக' என்ற சொல்லை நாம் சற்று யோசித்துத்தான் எழுதுகிறோம். மழை பொய்த்த புன்செய்க்காரனுக்கு மாதச் சம்பளமே சிறந்த பிரசாரகன்.

ஆனால் சர்க்காரின் வார்த்தையை ஜனங்கள் எவ்வளவுக்கு மதித்தார்கள் என்று அறிய வேறொரு தராசு இருந்தது. 1940 ஜூனில் பிரான்சு விழுந்தது. பிரிட்டிஷ் பலம் அசையாது என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. ஜனங்கள் மறு வார்த்தை பேசவில்லை. தபாலாபீஸுக்குப் போய்ச் சேமிப்புப் பணத்தை வெள்ளி ரூபாயாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, பானையில் போட்டு மூடிவிட்டார்கள். தேசம் முழுவதும் இப்படி நடந்தது. தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பது குற்றம் என்று அந்த ஜூன் மாதமே சர்க்கார் உத்தரவு போட வேண்டி வந்தது. ஒரு ரூபாய் நோட்டு மறுபடி வந்தது. பதினோரு பங்கு வெள்ளி இருந்த ரூபாயில் பாதிக்குப் பாதிதான் வெள்ளி என்று ஆயிற்று. 1943-இல் காலணாவின் நடுவிலேயே ஓட்டை விழுந்தது! அந்த ஓட்டைக் காலணாவை நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். யுத்தம் நன்றாக நடக்கிறதா என்பதற்கு அந்த ஓட்டையைவிடத் தெளிவான சாட்சியம் எந்தச் சுவரொட்டியிலும் இல்லை.

1942-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தை எடுத்துக்கொள்வோம். 5-ஆம் தேதி கொழும்பில் குண்டு. 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. பயப்பட வேண்டாம் என்று அதுவரையில் சொல்லிவந்த சர்க்கார், அவசிய வேலை இல்லாதவர்கள் சென்னையை விட்டுப் போகலாம் என்றது. பற்பல ஆபீஸுகளைத் தானே உள்நாட்டுக்கு மாற்றியது. மிருகக்காட்சிச் சாலையில் இருந்த கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதன்பின் அறிக்கைகளை யார் படிப்பார்கள்? மூட்டை முடிச்சோடு ஜனங்கள் ரயிலடிக்கு ஓடினார்கள். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் கப்பல் வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது பட்டணத்தாருக்கு மறக்கவில்லை. அந்தக் கப்பலின் பெயரே தமிழில் பலே கைகாரனுக்குப் பட்டப் பெயராகிவிட்டதே! ஜப்பான் கப்பற்படை சென்னைக்கு வரவே இல்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனதோடு சரி.

இந்தக் கட்டத்தில்தான் தொரப்பள்ளிக்காரரின் கதை வேறு திசையில் திரும்புகிறது. சிறையிலிருந்து வெளிவந்த ராஜாஜி, ஜப்பானியர் வாசலில் நிற்கும்போது தேசத்தைக் காக்க நாமே ஆயத்தமாக வேண்டும். அதற்காக முஸ்லிம் லீகின் கோரிக்கையைக் கொள்கையளவில் ஒப்புக்கொண்டாவது ஒற்றுமை காண வேண்டும் என்றார். ஏப்ரலில் காங்கிரஸ் காரியக் கமிட்டியிலிருந்தும் ஜூலையில் காங்கிரஸிலிருந்தே விலகினார். போன இடங்களிலெல்லாம் கறுப்புக் கொடி. பம்பாயில் ஒரு கூட்டத்தில் அவர்மேல் தாரை எறிந்தார்கள். 'ஒத்துழைக்காதே' என்று 1940-இல் சொன்னபோது கை தட்டிய அதே ஜனங்கள், 'ஆயத்தமாகு' என்று 1942-இல் சொன்னபோது அவர் சர்க்காரின் குரலில் பேசுகிறார் என்றார்கள். அவர் பேசியது அவருடைய சொந்தக் குரல்தான் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் சுவரொட்டிகளும் ரேடியோவும் மூன்று வருஷமாக அதே வார்த்தைகளைச் சொல்லித் தேய்த்திருந்தன. பிரசாரத்தின் தீங்கு அதன் பொய்யோடு நிற்பதில்லை. அதே சொல்லை மெய்யாகச் சொல்ல வருகிறவனையும் அது கெடுத்துவிடுகிறது.

அக்காலத்தில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவை. (1965-இல்தான் தர்மபுரி ஜில்லா பிரிந்தது, 2004-இல் கிருஷ்ணகிரி.) ஜில்லாத் தலைநகரான சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. யுத்த ஆதரவுப் படம் எடுக்க வேண்டும் என்று சர்க்கார் ஸ்டூடியோக்காரர்களை நெருக்கியபோது, டி. ஆர். சுந்தரம் அங்கே 'பர்மா ராணி' என்ற படத்தை எடுத்தார், சென்னையில் ஜெமினியார் 'கண்ணம்மா என் காதலி' எடுத்தார்கள், கே. சுப்ரமணியம் 'மானசம்ரட்சணம்' எடுத்தார். கச்சா பிலிமுக்குப் பஞ்சம். படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு. இதைத் தவிர ஒவ்வொரு கொட்டகையிலும் சர்க்காரின் யுத்தச் செய்திப் படத்தைக் காட்டியே தீர வேண்டும் என்று சட்டம். டிக்கெட்டுக் கொடுத்து வந்தவனை உட்கார வைத்துப் போதிப்பது சுலபம். அவனை நம்ப வைப்பது வேறு விஷயம். யுத்தம் முடிந்து 1946-இல் அந்தச் செய்திப் பட இலாகாவை மூடினார்கள். அதற்காக யாரும் கண்ணீர் விட்டதாகக் கேள்விப்படவில்லை.

ஜனங்கள் எல்லாவற்றையும் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டால் நல்லதுதானே என்று சிலர் நினைக்கலாம். அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. 1942 மார்ச்சு இறுதியில் சுபாஷ் சந்திர போஸ் விமான விபத்தில் இறந்தார் என்று செய்தி ஸ்தாபனங்கள் அறிவித்தன. காந்தி மகான் போஸின் தாயாருக்கு அனுதாபத் தந்தியே அனுப்பிவிட்டார். போஸோ பெர்லினிலிருந்து ரேடியோவில் பேசி, தாம் உயிரோடிருப்பதை உலகத்துக்குத் தெரிவித்தார். ஆஸாத் ஹிந்த் ரேடியோவில் தமிழும் ஒலித்தது. சர்க்கார் மறைப்பதை அங்கே கேட்கலாம் என்று ஜனங்கள் ரகசியமாகக் காது கொடுத்தார்கள். பின்பு 1945 ஆகஸ்டில், பார்மோஸாவில் விமானம் விழுந்து போஸ் மாண்டார் என்ற செய்தி வந்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் அதை நம்ப மறுத்துவிட்டார்கள். 'முன்பும் இப்படித்தானே சொன்னார்கள்!' 1956-இல் ஒரு கமிட்டி, 1970-இல் ஒரு கமிஷன், 1999-இல் இன்னொரு கமிஷன். ஒரு வீரனுக்கு நடுகல் நடுவதற்குக்கூட இடம் நிச்சயிக்க முடியாமல் போயிற்று.

தொரப்பள்ளியிலிருந்து மாலையில் ஓசூருக்கு வந்து, தொழிற்பேட்டைச் சாலையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். சந்திரசூடேசுவரர் மலைமேல் வெயில் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது. கடையில் டெலிவிஷன் அலறிக்கொண்டிருந்தது. முந்தைய இரவு கராச்சித் துறைமுகம் நொறுங்கிவிட்டது என்று பல சேனல்கள் முழங்கியிருந்தன. துறைமுகம் இருந்த இடத்தில் இருந்தது. கராச்சி எரிகிறது என்று பரவிய காட்சிகளில் ஒன்று, அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் அவ்வருஷம் ஜனவரி இறுதியில் விமானம் விழுந்த காட்சி. அக்கரையில் அதைவிட வேடிக்கை. வீடியோ விளையாட்டிலிருந்து எடுத்த படத்தைத் தங்கள் பீரங்கியின் பிரதாபம் என்று காட்டினார்கள். பொய்யைப் பொய்யென்று சொல்வதற்கென்றே நமது சர்க்காரின் பத்திரிகைத் தகவல் இலாகாவில் ஒரு பிரிவு இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியிருந்தது.

"என்ன சார், கராச்சி போச்சாமே?" என்று கடைக்காரர் நம்மைக் கேட்டார்.

"யார் சொன்னார்கள்?" என்றோம்.

"இவனுங்கதான்" என்று டெலிவிஷனைக் கரண்டியால் காட்டினார். "நேத்து ராத்திரி போச்சுன்னாங்க. இன்னிக்குச் சத்தத்தையே காணோம். போயிருந்தா விடுவாங்களா சார்? நாளெல்லாம் அதையே காட்ட மாட்டாங்களா?"

பக்கத்துப் பெஞ்சியில் லாரிக்காரர் ஒருவர், டில்லிப் பக்கம் சரக்கு ஏற்றலாமா, டீசல் விலை ஏறுமா என்று இரண்டு பேரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். கராச்சியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கடையில் கிளாஸ் கழுவும் பையன் ராஜஸ்தானத்தான். பார்மேர் பக்கத்துக் கிராமம் என்றான். இரண்டு இரவாக அங்கே விளக்கை அணைத்து வைத்திருந்தார்கள். "டேய் தம்பி, அம்மாகிட்ட பேசினியா?" என்று கடைக்காரர் கேட்டார். பையன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். நாலைந்து நிமிஷம் தன் பாஷையில் பேசினான். டெலிவிஷனை உற்றுப் பார்த்திருந்தவர்கள் எல்லோரும் இப்போது அவன் முகத்தைப் பார்த்தார்கள். "என்னடா சொல்றாங்க?" என்றார் லாரிக்காரர்.

"விளக்கு இல்லே. சத்தம் கேக்குது. மாடு மிரளுது. எல்லாரும் வீட்ல இருக்காங்க, நல்லா இருக்காங்க" என்றான் பையன், அரைகுறைத் தமிழில்.

அந்தக் கடையில் அன்று நம்பப்பட்ட யுத்தச் செய்தி அது ஒன்றுதான்.

டெலிவிஷனில் அபாயச் சங்கு மறுபடி ஊளையிட்டது. அந்தச் சங்கொலியை நிகழ்ச்சிகளில் போட வேண்டாம், நிஜமான அபாயம் வரும்போது ஜனங்கள் அசட்டையாக இருந்துவிடுவார்கள் என்று மத்திய சர்க்கார் மறுநாள் சேனல்களைக் கேட்டுக்கொண்டது. மறுநாள் மாலையே சண்டை நிறுத்தமும் வந்துவிட்டது. அன்று மட்டும் அது மனம் போனபடி ஊதிக்கொண்டிருந்தது. கடையில் ஒருவரும் தலை நிமிரவில்லை. சிறிது நேரத்துக்கெல்லாம் சாலைக்கு எதிரே இருந்த தொழிற்சாலையில் ஷிப்டுச் சங்கு ஊதியது. பெஞ்சியில் இருந்தவர்கள் பாதி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.